பால்காரரைக் குப்புறத் தள்ளிய வெள்ளை நாய் சாக்கில் அமர்ந்த கதை!

கிருஷ்ணன்கோவில் தோப்பில் 10 வாரப் பயிற்சி

கிருஷ்ணன்கோவில்:-

"அண்ணாச்சி! நாயைப் பிடிங்க! நாயைப் பிடிங்க!"

காலை 6 மணி. தென்னந்தோப்பு வீட்டு வாசலில் பால்காரரின் அலறல் கேட்டது. அடுத்த விநாடி 'தடால்' என்று ஒரு சத்தம். வீட்டில் இருந்தவர்கள் ஓடி வந்து பார்த்தார்கள். வண்டி ஒரு பக்கம், பால் கேன் ஒரு பக்கம், பால்காரர் ஒரு பக்கம் கிடந்தார்கள்!

அவர் அருகில் ஒரு வெள்ளை நாய் நின்றது. அது கடிக்கவில்லை. வாலை ஆட்டிக்கொண்டு, "ஏன் நிறுத்திவிட்டாய்? இன்னும் கொஞ்ச தூரம் போயேன்" என்று கேட்பது போல அவரையே பார்த்தது.

பால்காரருக்கு முழங்காலில் சிராய்ப்பு. பால் முழுவதும் மண்ணுக்குப் போய்விட்டது. எழுந்தவர் வேட்டியைத் தட்டிக்கொண்டே சொன்னார்:

"நாளையிலேருந்து ரோட்டுக்கு வந்து பால் வாங்கிக்கிடுங்க அண்ணாச்சி. இந்த நாய் இருக்கிற வரைக்கும் நான் உள்ளே வர மாட்டேன்."

இது நடந்தது ஒரு வைகாசி மாதத்தில். தோப்புக்காரர் தன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நாயின் பெயரைப் போட அவருக்கு ஆட்சேபணை இல்லை. அதன் பெயர் மணி.

மருந்து வைக்கலாமா?

மதுரையில் இருந்து ராஜபாளையம் போகும் சாலையில், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு முன்னால் இருக்கிறது கிருஷ்ணன்கோவில். வத்திராயிருப்புக்குப் போகும் சாலை இங்கேதான் பிரிகிறது. பக்கத்தில் கலசலிங்கம் பல்கலைக்கழகம். 1984ல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கியது. ஆகவே விடிந்தது முதல் இருட்டும் வரை ஆள் நடமாட்டத்துக்குக் குறைவில்லை. மாணவர்கள் நடக்கிறார்கள், சைக்கிள் போகிறது, பஸ்சைப் பிடிக்க ஓடுகிறார்கள்.

இதெல்லாம் மணிக்குக் கொண்டாட்டம். நின்றுகொண்டிருக்கும் ஆளை அது கண்டுகொள்ளாது. உட்கார்ந்திருப்பவரிடம் வந்து கையை நக்கும். அதே ஆள் எழுந்து விறுவிறு என்று நடந்தால் போதும், தொலைந்தார்!

பால்காரர் விழுந்த அன்றே அக்கம்பக்கத்தில் பேச்சு எழுந்தது. "சோத்துல மருந்து வெச்சிட்டா சோலி முடிஞ்சது" என்று ஒருவர் சொன்னாராம். நாய்க்கு விஷம் வைப்பது சட்டப்படி குற்றம் ஆகும். சொன்னவருக்கு அது தெரியாமல் இருக்காது. ஆனாலும் சொன்னார். தோப்புக்காரரின் மனைவி அன்று இரவு சாப்பிடவில்லை.

இன்னொரு கவலையும் இருந்தது. ஆடி அமாவாசைக்கு 10 வாரம்தான் பாக்கி. அன்று சதுரகிரி மலைக்குப் போகிற கூட்டம் இந்த வழியாகத்தான் வத்திராயிருப்புக்கும் தாணிப்பாறைக்கும் போகும். வேன் வேனாக வருவார்கள். நடந்தும் வருவார்கள். அவர்களில் யாரையாவது மணி தள்ளிவிட்டால்?

தபால் தலையில் இடம்பிடித்த இனம்

மணி சாதாரண நாய் அல்ல. ராஜபாளையம் இனம். பால் போன்ற உடம்பு, ரோஜா நிற மூக்கு, ஒட்டிய வயிறு, நெட்டைக் கால்கள். இந்த இனத்தின் படத்தைப் போட்டு 2005ம் ஆண்டு ஜனவரி 9ந்தேதி தபால் துறை தபால் தலை வெளியிட்டது. முதோல், ராம்பூர், இமயமலை மேய்ச்சல் நாய் ஆகியவற்றின் படங்களும் கூடவே வெளியாயின. 2020ம் ஆண்டு ஆகஸ்டு 30ந்தேதி பிரதமர் மோடி வானொலிப் பேச்சில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை நாய்களைப் பெயர் சொல்லிப் பாராட்டினார்.

தபால் தலையில் இடம்பிடித்து என்ன பயன்? தபால்காரரை விரட்டாமல் இருக்க வேண்டுமே!

நாய்களில் மூக்கால் தேடுகிறவை உண்டு. கண்ணால் தேடுகிறவை உண்டு. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் கண்ணால் வேட்டையாடுகிறவை. அசையாமல் பதுங்கி இருக்கும் முயல் இவற்றின் கண்ணில் எளிதில் படாது. அது ஓடத் தொடங்கியதும் கால் தானாகப் பாயும்; யோசிக்க நேரம் எடுத்துக்கொள்ளாது. அந்தக் காலத்தில் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போனவர்கள், முதலில் பாய்ந்த நாயைத்தான் குட்டி எடுக்க வைத்துக்கொண்டார்கள். தயங்கி நின்ற நாயை யாரும் வளர்க்கவில்லை. பாளையக்காரர் போரில் வெள்ளைக்காரனின் குதிரைப் படை மீதே இந்த நாய்கள் பாய்ந்ததாக ராஜபாளையம் பக்கம் பெருமையோடு சொல்வார்கள்.

அப்படிப் பல தலைமுறையாகப் பொறுக்கி எடுத்த பாய்ச்சலை ரோட்டோரத் தோப்பில் கொண்டுவந்து வைத்துவிட்டு, "நாய்க்குப் புத்தி இல்லை" என்று திட்டினால் எப்படி?

"நான் விரட்டினேன், அவன் ஓடினான்!"

மணிக்கு ஒரு கணக்கு இருந்தது. பால்காரர் தினமும் வருகிறார். மணி குலைத்துக்கொண்டு ஓடுகிறது. பால்காரர் பாலை ஊற்றிவிட்டுப் போய்விடுகிறார். அவர் போவது அடுத்த வீட்டுக்கு. ஆனால் மணி நினைப்பது வேறு: "நான் விரட்டினேன், அவன் ஓடினான்!" தினமும் ஒரு வெற்றி. 365 நாளும் ஜெயிக்கிறவன் ஆட்டத்தை நிறுத்துவானா?

நாய்க்குத் துரத்துவதே பரிசு. தனியாக எலும்புத் துண்டு தேவை இல்லை. ஆகவே பயிற்சி கொடுக்கும் நாட்களில் ஒரு முறைகூடத் துரத்த வாய்ப்புக் கொடுக்கக் கூடாது. காலையில் சொல்லிக்கொடுத்து, மாலையில் வாசலைத் திறந்துவிட்டால் எல்லாம் வீண்.

தோப்புக்காரருக்கு அப்போது இது தெரியாது. எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். குச்சியால் நாலு போட்டார். பிறகு வேப்ப மரத்தில் 4 அடி சங்கிலியில் கட்டினார்.

அடித்ததும் அடங்கியது போல இருந்தது. மூன்றாம் நாள் நிலைமை மோசமாகிவிட்டது. அதுவரை விளையாட்டாகத் துரத்திய மணி, முதல் முறையாகப் பல்லைக் காட்டி உறுமியது! காரணம் என்ன? ஆள் வருகிற போதெல்லாம் அதற்கு அடி விழுந்தது. "ஆள் வந்தால் எனக்கு வலிக்கும்" என்று அது படித்துக்கொண்டது. குச்சியால் சொல்லிக்கொடுத்த பாடம் இதுதான். சங்கிலியோ, பாய முடியாத ஆத்திரத்தை ஊறப்போட்டு வைத்தது.

கை தட்டிப் பார்த்தார்

கடைசியில் தோப்புக்காரர் ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறினார். தலைமுறை தலைமுறையாக இந்த நாய்களை வளர்க்கும் குடும்பத்துப் பெரியவர் ஒருவரை அழைத்துக்கொண்டு வந்தார். 70 வயதைத் தாண்டியவர். வந்ததும் அவர் நாயைத் தொடவில்லை. மணி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தபோது, பின்னால் போய் ஒரு தகரத் தட்டைக் கீழே போட்டார். மணி சட்டென்று திரும்பியது.

"காது கேக்குது. பாதி வேலை மிச்சம்" என்றார்.

இது தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஆகும். உடம்பெல்லாம் வெள்ளையாக இருக்கும் நாய்களில் சில பிறவிச் செவிடாக இருக்கும். ராஜபாளையம் இனத்தில் இது பழைய குறை. தோலுக்கு நிறம் தரும் அணுக்கள் காதின் உட்பகுதிக்கும் தேவை. அவை அங்கே இல்லாவிட்டால், குட்டி பிறந்த சில வாரங்களில் கேட்கும் நரம்பு முனைகள் பட்டுப்போகும். சில நாய்களுக்கு ஒரு காது மட்டும் கேட்கும். அவற்றுக்குச் சத்தம் எந்தப் பக்கம் இருந்து வருகிறது என்று தெரியாது.

"சொல்பேச்சு கேட்காத நாய்" என்று அடி வாங்குகிற வெள்ளை நாய்களில் எத்தனை உண்மையிலேயே காது கேட்காதவையோ! பெரியவர் வீட்டில் முன்பு அப்படி ஒரு பெட்டை நாய் இருந்ததாம். கை ஜாடையிலேயே எல்லாம் சொல்லிக்கொடுத்தாராம். உள்ளங்கையைக் கீழே காட்டினால் உட்காரும். தூங்கும்போது எழுப்ப வேண்டுமானால் தரையைக் காலால் தட்டுவாராம். தொட்டால் திடுக்கிட்டுக் கடித்துவிடும் என்பதால்.

ஈரல்தான் தர்மாமீட்டர்

மறுநாள் பயிற்சி ஆரம்பம். தேவைப்பட்ட சாமான்கள் மூன்று: ஒரு பழைய சாக்கு, 15 அடிக் கயிறு, உப்புப் போடாமல் வேகவைத்த கோழி ஈரல். ஈரலைக் கொண்டைக்கடலை அளவுக்கு நறுக்கச் சொன்னார் பெரியவர். கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு மார்போடு சேர்த்துக் கட்டும் பட்டையைப் போட்டார். இந்த இனத்துக்குத் தலை சிறுத்தது, கழுத்து தடித்தது. சாதாரணப் பட்டை என்றால் தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும்.

நாயை வாசலுக்குக் கொண்டுபோகவில்லை. வாசலில் இருந்து 100 அடி உள்ளே, மாமரத்து நிழலுக்குக் கொண்டுபோனார். தோப்புக்காரருக்கு ஏமாற்றம்.

"ஐயா, ஆள் போறது ரோட்டுல. நீங்க இங்கே உட்கார்ந்தா எப்படி?"

"தம்பி, நீச்சல் கத்துக்கிட யாராவது கிணத்துக்கு நடுவுலயா குதிப்பாங்க? படியில இருந்துதானே இறங்குவாங்க?"

ரோட்டில் ஒருவர் நடந்து போனார். மணியின் காது நிமிர்ந்தது. வாய் மூடியது. அந்த நொடியில் ஒரு துண்டு ஈரல் மூக்குக்கு முன்னால்! தின்றது. ஆள் கண்ணுக்குத் தெரிகிற வரை ஒவ்வொரு துண்டாக ஈரல். ஆள் மறைந்ததும் ஈரலும் நின்றது. அடுத்த ஆள் வந்தார். மறுபடியும் ஈரல்.

இதைச் செய்து பார்க்க விரும்புகிற வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாய் ஈரலை வாங்கித் தின்கிறதா? அப்படியானால் தூரம் சரி. மூக்குக்கு நேரே நீட்டியும் தின்னாமல், உடம்பை விறைத்துக்கொண்டு ரோட்டையே பார்க்கிறதா? அப்படியானால் மிக அருகில் வந்துவிட்டோம் என்று அர்த்தம். உடனே பின்வாங்க வேண்டும். ஈரல்தான் தர்மாமீட்டர்!

ரஷ்யாவில் பாவ்லோவ் என்ற விஞ்ஞானி இருந்தார். சாப்பாட்டுக்கு முன்னால் சத்தம் எழுப்பி எழுப்பி, பிறகு சத்தம் கேட்டாலே நாய்க்கு எச்சில் ஊறும்படி செய்து காட்டியவர். 1904ல் நோபல் பரிசு வாங்கியவர் (அது ஜீரணத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்காக). மாமரத்தடியில் நடந்ததும் அதே வித்தைதான். பாவ்லோவுக்குச் சத்தம், இங்கே வழிப்போக்கர்!

ஆறாம் நாள் அந்த மாற்றம் தெரிந்தது. ரோட்டில் ஆள் வந்ததும் மணி ஒரு தடவை பார்த்தது. பிறகு தானாகவே திரும்பித் தோப்புக்காரரின் கையைப் பார்த்தது. "ஆள் வந்தாச்சு, ஈரல் எங்கே?"

சாக்குப் பாடம்

அடுத்தது சாக்கு. அதைத் தரையில் விரித்து, நாய் அதன் மேல் கால் வைத்தால் ஒரு துண்டு, படுத்தால் இரண்டு துண்டு. துண்டைத் தூக்கிப் போடக் கூடாது. முன்னங்கால்களுக்கு நடுவில் மெதுவாக வைக்க வேண்டும். "வெரி குட், வெரி குட்" என்று கத்தவும் கூடாது. நாம் துள்ளினால் அதுவும் துள்ளும். ஒரு தடவைக்கு 5 நிமிடம், தினம் மூன்று தடவை. அதற்கு மேல் நாய்க்கும் சலிப்பு, நமக்கும் கோபம்.

சாக்கை வீட்டுக்குள் விரித்தார்கள், பிறகு திண்ணையில், பிறகு மாமரத்தடியில். எங்கே விரித்தாலும் போய்ப் படுத்தது. அதன் பிறகுதான் வாசலை நோக்கி நகர ஆரம்பித்தார்கள். 100 அடி 80 ஆகியது. 80 அடி 60 ஆகியது. நடக்கிற ஆளைப் பார்த்துப் பழகிய தூரம் சைக்கிளுக்குப் போதாது. வேகம் கூடினால் தூரத்தையும் கூட்ட வேண்டும். ஆகவே சைக்கிளுக்கு மறுபடியும் 100 அடி.

இதற்கிடையில் அதிகாலை 5 மணிக்கு, வெயில் வருவதற்கு முன், கயிற்றோடு நீண்ட நடை. வழியில் அது மோந்து பார்க்கும் இடத்தில் எல்லாம் நின்று நின்று போனார்கள். மோப்பம் பிடிப்பது நாயின் மனதை அடக்கும். வேலி போட்ட இடத்தில் தினமும் ஓடவும் விட்டார்கள். இந்த இனத்தை ஓடவிடாமல் கட்டிப் போட்டுவிட்டு அமைதியாக இரு என்பது, தறியில் இருப்பவரைக் கையைக் கட்டிக்கொண்டு நெய்யச் சொல்வது போல.

சறுக்கிய நாள்

நாலாவது வாரம் சனி பிடித்தது. தோப்புக்காரருக்கு நம்பிக்கை அதிகமாகி, பெரியவர் இல்லாத நேரத்தில், சாக்கை வாசலுக்கு 20 அடியில் விரித்துவிட்டார். அந்த நேரம் பார்த்துப் பள்ளிக்கூடப் பையன்கள் நாலு பேர் பஸ்சைப் பிடிக்கத் தலைதெறிக்க ஓடினார்கள்.

மணி பாய்ந்தது! கயிறு இருந்ததால் பையன்கள் தப்பினார்கள். தோப்புக்காரரின் உள்ளங்கை கயிறு உரசிக் கன்றிப்போனது. கோபத்தில் அவர் கையை ஓங்கினார். பிறகு என்ன நினைத்தாரோ, ஓங்கிய கையை இறக்கிக்கொண்டார்.

சாயங்காலம் வந்த பெரியவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "60 அடியில இருந்த பிள்ளையை 20 அடிக்குக் கொண்டுபோனது யாரு தம்பி? நாயா?" என்றார்.

இரண்டு நாள் ஓய்வு கொடுத்தார்கள். மறுபடியும் 80 அடியில் இருந்து ஆரம்பித்தார்கள். இழந்ததைப் பிடிக்க ஒரு வாரம் ஆனது.

பால்காரர் திரும்பி வந்தார்

ஏழாவது வாரம் பால்காரரிடம் தூது போனது. கொட்டிய பாலுக்குக் காசு முதலிலேயே கொடுத்தாகிவிட்டது. ஆனாலும் அவர் சம்மதிக்கவில்லை. "என் முட்டிக்கு யாரு பயிற்சி குடுப்பா?" என்று கேட்டார். கடைசியில் டீயும் வடையும் வாங்கிக் கொடுத்துச் சம்மதிக்க வைத்தார்கள்.

முதல் நாள் வண்டி இல்லாமல் நடந்து வந்தார். வரும்போது ஒரு துண்டு ஈரலைச் சாக்குப் பக்கம் வீசிவிட்டுப் போனார். இரண்டாம் நாள் என்ஜினை நிறுத்திவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். மூன்றாம் நாள் நின்ற வண்டியில் என்ஜின் மட்டும் ஓடியது. பிறகு நடக்கிற வேகத்தில் வண்டி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்றினார்கள். 10 நாள் கழித்து வழக்கமான வேகத்தில் அவர் உள்ளே வந்தபோது, மணி சாக்கில் படுத்தபடி அவர் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தது.

குட்டி வாங்குகிறவர்களுக்குப் பெரியவர் ஒன்று சொல்கிறார். குட்டிக்கு மூன்றாவது வாரம் முதல் 12, 14வது வாரம் வரை உலகத்தைப் பழகும் பருவம். அந்த நாளில் தோப்பிலேயே அடைத்து வைத்தால், வளர்ந்த பிறகு பார்க்கும் சைக்கிள் எல்லாம் அதற்கு அதிசயம் அல்லது ஆபத்து. தடுப்பூசி முடியும் முன் தெருவில் இறக்கிவிட வேண்டாம். இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ் நிலையத்தைக் காட்டலாமே!

நீங்கள் நடந்து போகிறவரா?

வேலைக்குப் போகிறவர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் நாய் வளர்க்கும் ஆசை இல்லாமல் இருக்கலாம். ஆனால் நாய் துரத்தும் அனுபவம் எல்லோருக்கும் உண்டு. நாய் வந்தால் ஓடாதீர்கள். ஓடுவதால்தான் அது துரத்துகிறது. நில்லுங்கள். கையைக் கீழே தொங்கவிடுங்கள். அதன் கண்ணை முறைக்காமல், பக்கவாட்டில் திரும்பி, மெதுவாகப் பின்வாங்குங்கள். வண்டியில் போகிறவர்கள் வேகத்தைக் குறைக்க வேண்டும். காலால் எட்டி உதைக்கப் போய்த்தான் பலர் வண்டியோடு விழுகிறார்கள். விழுந்துவிட்டால் உடம்பைச் சுருட்டிக்கொண்டு கழுத்தையும் முகத்தையும் கையால் மூடிக்கொள்ள வேண்டும்.

கடித்துவிட்டால் மஞ்சள், சுண்ணாம்பு, காப்பிப் பொடி எதையும் அப்பக் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே ஊசி இலவசம். தோலில் போடும் முறையில், முதல் ஊசி போட்ட நாளை விட்டுவிட்டு எண்ணினால், 3, 7, 28வது நாட்களில் மறுபடியும் போட வேண்டும். கடித்தது வீட்டு நாய்தானே என்று விட்டுவிட முடியாது. வெறிநோய் அறிகுறி வந்த பிறகு பிழைத்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

நாய் வைத்திருப்பவர்களுக்குச் சட்டமும் உண்டு. 2024ம் ஆண்டு ஜூலை 1ந்தேதி அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 291வது பிரிவின்படி, தன் பிராணியால் மனிதருக்கு ஆபத்து வராமல் காக்கத் தவறினால் 6 மாதம் வரை சிறை அல்லது ரூ.5 ஆயிரம் வரை அபராதம் அல்லது இரண்டும் சேர்த்து விதிக்கலாம். மணியின் எஜமானர் இதைக் கேட்டுச் சாக்கை இன்னும் ஒன்று வாங்கி வைத்தார்.

ஆடி அமாவாசை அன்று...

அந்த நாளும் வந்தது. விடியும் முன்பே வேன்கள் வரிசையாகப் போயின. தலையில் பையோடு பெண்கள் நடந்தார்கள். குழந்தைகள் முன்னும் பின்னும் ஓடினார்கள். தோப்புக்காரர் வாசலைச் சாத்தி, உள்ளே 30 அடியில் சாக்கை விரித்து, கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தார். அவர் மனைவி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

7 மணி சுமாருக்கு ஒரு சிறுவன் பலூனைப் பிடித்துக்கொண்டு வேலி ஓரமாக ஓடினான். மணி எழுந்துவிட்டது! காது நிமிர்ந்தது. கயிறு விறைத்தது. தோப்புக்காரர் மூச்சை அடக்கிக்கொண்டார்.

மணி சிறுவனைப் பார்த்தது. பிறகு எஜமானரைத் திரும்பிப் பார்த்தது. மெதுவாகச் சாக்கில் உட்கார்ந்தது. அவர் கையில் இருந்த ஈரல் முழுவதும் அதற்கே போனது.

சற்று நேரத்தில் பால்காரர் வந்தார். வண்டியை நிறுத்தி, "என்ன மணி, லைசென்ஸ் வாங்கிட்டியா?" என்று கேட்டுக்கொண்டே கேனைத் திறந்தார். மணி வாலை மட்டும் ஆட்டியது.

அப்போது தென்னை மரத்தில் இருந்து ஓர் அணில் இறங்கிக் குறுக்கே ஓடியது. சாக்கு ஒரு பக்கம், மணி ஒரு பக்கம்! தோப்புக்காரர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினார்.

"அணிலுக்கு இன்னும் ஆரம்பிக்கலை" என்று பால்காரரிடம் விளக்கம் சொன்னார் அவர் மனைவி, பால் பாத்திரத்தை நீட்டியபடி.